டப்பாவுக்குத் திரும்பாத சீட்டு

சபையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடி சிஸ்டர். பதினான்கு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் மூக்கிலாவது கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம், "கொஞ்சம் கழட்டிக் கொடுங்க" என்று வாங்கி, கைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகிக் கொடுத்தவள். அப்படிப்பட்ட வாயாடிக்கு, தன் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வயது முப்பத்தொன்பது.

ஆசை இல்லாமல் இல்லை. புதன்கிழமை மாலைகளில் சபைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் எட்டுப் பேர் கூடி ஜெபிப்பார்கள். அங்கே ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அவரவர் தேவையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்துப்போய் ஒரு வாரம் ஜெபித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். "ஒரு சகோதரிக்கு நல்ல துணை வேண்டும்" என்ற சீட்டு ஆறு வருடமாக அதில் சுற்றிக்கொண்டிருந்தது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதியிருந்தாள் புத்திசாலி. ஒருமுறை அது அவள் கைக்கே வந்து சேர்ந்தது. மாற்றிக் கேட்க வெட்கப்பட்டு, யாருக்கோ வேண்டுவதுபோல ஏழு நாளும் தனக்காகவே முழங்கால் போட்டாள்.

அந்தச் சீட்டைப் பதினோரு வாரமாகக் காணவில்லை.

"ஆண்டவருக்குச் சித்தமில்ல போல, அண்ணி" என்றாள் பாத்திரம் துடைத்தபடி. அவள் இருப்பது அண்ணன் வீட்டில்.

"ஆண்டவர் பிஸ்கட் டப்பாவுலயா கைய விடுவாரு?" என்றாள் அண்ணி. "ஜெபிச்சது சரி. முட்டியத் தட்டிவிட்டுட்டு எழுந்திருக்கவும் செய்யணும். அந்த லிஃப்ட் மெக்கானிக் பேச்ச எடுத்தாலே உன் முகம் போற போக்கு எனக்குத் தெரியாதா? போய்க் கேளு."

அண்ணி கண்ணுக்கு எதுவும் தப்பாது. மெக்கானிக்கும் புதன்கிழமைக் கூட்டத்துக்காரர்தான். படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய் நாற்பத்து மூன்று வயதாகிவிட்ட மனிதர். ஒருநாள் கடைக் கட்டிடத்து லிஃப்டில் அவள் மாட்டிக்கொண்டபோது, வேலை செய்துகொண்டே கதவு வழியாக முக்கால் மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது அவளுக்கு வெளியே வரவே மனமில்லை. அன்றிலிருந்து அவர்மேல் உயிர்.

"அவர் இல்லைன்னுட்டா, புதன்கிழமை எந்த முகத்தோட அங்க போவேன்? எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு இடம்தான், அண்ணி."

அண்ணி அடுத்த தட்டை நீட்டினாள்.

மறுநாள் மாலை மெக்கானிக்கே கடைக்கு வந்தார். எழுத்து கலங்குகிறதாம். பார்வை அளந்து முடித்து, கடையில் தயாராக இருந்த படிக்கும் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, "தினமும் எதைப் படிக்கிறீங்களோ அதையே படிச்சுப் பாருங்க பிரதர்" என்றாள். அவர் யோசிக்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. இடது கை எழுத்து. எடுத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது.

பேசாமல் இருந்துவிடலாம். பேச்சை லென்ஸ் பக்கம் திருப்பிவிடலாம். ஆறு வருடமும் அதைத்தானே செய்தாள்? உள்ளுக்குள் "ஆண்டவரே" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

"அது என் சீட்டு."

"தெரியும் சிஸ்டர்."

"எப்படி? நான் இடது கையால..."

"அந்த ரூம்ல கல்யாணமாகாத சிஸ்டர் நீங்க ஒருத்தர்தானே."

அவள் காது மடல்வரை சிவந்துபோனாள். ஆறு வருடம் எட்டுப் பேர் கூடிக் காப்பாற்றிய ரகசியம் இது.

"ஏன் திரும்பப் போடல?"

அவர் தாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "முதல் வாரம் நல்ல ஒருத்தரக் கொடுங்கன்னு கேட்டேன். அடுத்த வாரம் அப்படிக் கேக்க மனசு வரல. டப்பாவுல போட்டா வேற யாராவது எடுத்து, கேட்டு, உங்களுக்கு ஒருத்தர் கிடைச்சிடுமோன்னு பயம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான் கேட்டதும் உங்களத்தான்" என்றாள்.

வெகுநேரம் அவர் தாளை மடித்தார், பிரித்தார். பிறகு, "உங்க அண்ணன்கிட்டப் பேச எனக்குத் தைரியம் வேணும். புதன்கிழமை ஒரு சீட்டு எழுதிப் போடுறேன். ஒரு வாரம் எல்லாரும் ஜெபிச்சிட்டு..." என்று இழுத்தார்.

அவள் அவர் மூக்கிலிருந்த கண்ணாடியை நேராக்கிவிட்டுக் கைப்பையை எடுத்தாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, முதலாளியிடம் அரை மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி கேட்டாள்.

"ஆறு வருஷம் எல்லாரும் ஜெபிச்சாச்சு" என்றாள். "அண்ணன் இப்போ வீட்டுலதான் இருக்காரு. வாங்க."