அக்கா விட்டுவைத்த கட்டம்

என் அக்காவைப் போல வீம்பு பிடித்த ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அத்தானைத் தெரிந்திருந்தால், அவளுக்கு ஜோடி இருக்கிறது என்று ஒத்துக்கொள்வீர்கள். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. உள்ளே நுழைகிறவரின் முகத்தைப் பார்த்ததுமே எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் இருக்கிற ஒரே முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரியாது. அத்தானுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. நான் அவர்கள் வீட்டு மாடியில் தையல் மெஷினோடு குடியிருக்கிறேன். இரண்டு பேருடைய புலம்பலும் படியேறி என்னிடம்தான் வரும்.

இப்படி ஆளுக்கொரு நேரத்தில் வாழ்கிறவர்கள் எப்போதுதான் பேசிக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். குறுக்கெழுத்தில்தான். பேப்பரின் கடைசிப் பக்கத்தில் தினமும் வருகிறதே, ஒரு சொல்லை வெட்டி, ஒட்டி, ஒளித்துவைத்துவிட்டுக் குறிப்புக் கொடுப்பார்களே, அதுதான். ரொம்பச் சுலபம் என்பாள் அக்கா. எனக்குத் தலை சுற்றும். ஒருநாள் "காலை இழந்த நாகம் விரல் நுனியில்" என்று போட்டிருந்தார்கள். பாம்புக்கு ஏது கால் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். 'நா'வில் இருக்கிற துணைக்காலை எடுத்துவிட்டால் நகம் என்று அக்கா விளக்கிவிட்டு, இந்தத் தையல் மெஷின் எப்படி உன்னிடம் பிழைக்கிறது என்பது மாதிரி பார்த்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைக் காய்கறி நறுக்குவதற்கு விரித்துப் போடுவதோடு சரி.

அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் அக்கா காபி குடித்துக்கொண்டே பாதியைப் போட்டு, மேசையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். அப்புறம் அத்தான் வந்து, தூங்கி எழுந்து, மீதியைப் போடுவார். ஆனால் ஒரே ஒரு விடையைத் தொடமாட்டார். தெரியாமல் இல்லை. முடித்துவைக்கிற சந்தோஷம் அவளுக்கு இருக்கட்டும் என்று விட்டுவைப்பார். சாயங்காலம் வந்ததும் அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் போட்டு முடிப்பாள். கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான். இதைக் கொஞ்சல் என்று நான் சொன்னால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பேக்கரியில் புது அடுப்பு வந்தது. வந்தது அங்கே, வினை இங்கே. வேலை சீக்கிரமே முடிந்துவிடுவதால் அத்தான் விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். வாசலில் விழுந்த பேப்பரை அவரே எடுத்து, முதல் பாதியைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். அக்கா எழுந்து மீதியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் கிளம்பிப் போயிருப்பார். வரிசை தலைகீழாகிவிட்டதல்லவா, இனி முடித்துவைக்கிறவர் அத்தான்தான் என்று அக்கா நினைத்தாள். அதனால் அவருக்காக ஒன்றை விட்டுவைத்தாள்.

அத்தான் மத்தியானம் எழுந்து பார்த்தார். ஒன்று பாக்கி. கடைசி விடை அவளுடையது, அதை அவர் ஆயுசில் தொட்டதில்லை. சாயங்காலம் வந்து போடுவாள் என்று அப்படியே வைத்துவிட்டுப் போனார். அக்கா வந்து பார்த்தாள். அவருக்காக விட்டது அப்படியே கிடந்தது. மறுநாளும் இதே கதை. கஷ்டமாக இருக்கிறதோ என்று அக்கா இன்னும் சுலபமானதாகப் பார்த்து விட்டுவைத்தாள். அத்தான் அதையும் தொடவில்லை. இத்தனை சுலபமானதைக்கூடப் போடாமல் விட்டிருக்கிறாளே என்று அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதற்குத்தான் வீம்பு விடவேண்டுமே.

இந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடை முதலாளி வெளியூரில் ஒரு கிளை திறந்தார். நீயே வந்து பார்த்துக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு என்று அக்காவிடம் கேட்டிருந்தார். அவள் முதலில் சிரித்துத் தள்ளிவிட்டாள். அப்புறம் ஒருநாள் மாடிக்கு வந்து என்னுடைய பெரிய பையைக் கேட்டாள்.

"ரெண்டு எழுத்து எழுதக்கூட அவருக்கு மனசு வரலடி. நான் இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன."

பை கிழிந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அடுத்து அத்தான் சட்டைப் பொத்தானோடு வந்தார். வெளியூர் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. அவள் இப்போது குறுக்கெழுத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை, போக முடிவு பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். சொல்லித்தான் தெரியணுமா என்று பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஊசியால் குத்திவிடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு. மத்தியானம் முதலாளிக்கு போன் பண்ணிச் சரி என்று சொல்லப் போவதாகச் சொல்லியிருந்தாள். மனசு கேட்காமல் நான் கீழே போனேன். அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் குளியலறைக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தார். நடுவில் மேசை, மேசைமேல் அந்தப் பாழாய்ப்போன பேப்பர், அதில் வழக்கம்போல ஒன்று பாக்கி. "தலையை இழந்த கவிதை மண்ணில் முளைக்கும். இரண்டெழுத்து."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நீங்கள் போடாவிட்டால் நான் போடுகிறேன் என்று ஆணியில் தொங்கிய அத்தானின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். மண்ணில் முளைப்பது செடி. யாரைக் கேட்கவேண்டும்? முதல் கட்டத்தில், கீழே இறங்குகிற வேறொரு விடையின் முதலெழுத்தாக ஒரு 'வி' இருந்தது. அதன்மேலேயே அழுத்தி 'செ' என்று எழுதி, பக்கத்தில் 'டி'யையும் போட்டேன். நிம்மதியாக மாடியேறி வந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அப்புறம் படியில் இரண்டு பேர் காலடி. வாசலில் அக்கா பேப்பரும் கையுமாக நிற்கிறாள், பின்னால் அத்தான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு.

கவிதையில் தலையெழுத்தை எடுத்தால் விதை, இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் என்றாள் அக்கா. இவள் செய்த வேலையில் மேலிருந்து கீழே இருந்த விறகு 'செறகு' ஆகிவிட்டது என்றார் அத்தான். அதுவும் பேனாவில் என்றாள் அக்கா. அதுவும் என் பேனாவில் என்றார் அவர். என்னைத் திட்டுவதில் அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

"அவ்வளவு சுலபம்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர் போட்டிருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அது அவளோடது," என்றார் அத்தான். "நான் எப்படிப் போடுவேன்?"

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "உங்களுக்குன்னுதானே விட்டு வெச்சேன். தினமும்."

"நீ வந்து போடுவேன்னு நான் விட்டு வெச்சேன்."

நுரை சொட்டி, நான் தைத்துக்கொண்டிருந்த துணிமேல் விழுந்தது. அக்கா என் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நேத்து எவ்வளவு சுலபமானதை விட்டேன். அதைக்கூட நீங்க தொடலையே."

"அதனாலதான் பயந்துட்டேன்," என்றார் அத்தான். "இதைக்கூடப் போட உனக்கு மனசில்லையேன்னு."

அக்கா அவர் கன்னத்து நுரையைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு கீழே போய் முதலாளிக்கு போன் பண்ணி, அந்தக் கிளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதோடு முடிந்ததா? விதையை யார் போடுவது என்று கீழே அடுத்த சண்டை. நீ போடு, நீங்க போடுங்க, நீ போடு. பொறுக்க முடியாமல் மாடியிலிருந்தே கத்தினேன். கடைசியில் என் 'செ'யின்மேல் அவர் 'வி' போட்டாராம், என் 'டி'யின்மேல் அவள் 'தை' போட்டாளாம். இனி இந்த வீட்டில் நான் பேனாவைத் தொடவே கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து சட்டம் போட்டிருக்கிறார்கள். சேர்ந்து போட்டார்களே, எனக்கு அது போதும்.