அலமாரி மேல் பழமும் ஆறு பருத்திக் குச்சியும்

டெசாங்காவின் மூக்கைப் பற்றி எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. நோன்பு நாளில் பாதிரியார் வீட்டு அடுப்பில் பன்றிக் கொழுப்பு உருகினால், டான்யூப் கரையில் கம்பளம் அலசிக்கொண்டிருந்த டெசாங்கா தலையை நிமிர்த்துவாள். ஒருமுறை தபால்காரர் பையைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே இருப்பது கல்யாணச் சேதியா சாவுச் சேதியா என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். நம்பாதவர்கள் தபால்காரரையே கேட்கலாம். அவர் இப்போது உயிரோடு இல்லை என்பதுதான் ஒரு சிறு சிரமம்.

அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். யாரைப் பார்த்தாலும் முதலில் டிக்கெட் இல்லாதவராகத்தான் பார்ப்பாள். கணவர் போன பிறகு வீட்டை மகன் நெபோய்ஷாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து மகனும் அவள் கண்ணுக்கு டிக்கெட் இல்லாத பயணிதான்.

நெபோய்ஷா கட்டிக்கொள்ளப் போகிற பெண் நெவேனா அந்தக் கோடையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்ல பெண். வந்த மாதமே தொலைக்காட்சிப் பெட்டி மேலிருந்த பின்னல் விரிப்பை மடித்து உள்ளே வைத்தாள். சோபாவுக்குச் சாம்பல் நிறத் தலையணைகள் வந்தன. சுவரில் ஒரு வட்டக் கண்ணாடி ஏறியது. டெசாங்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலையுதிர்காலத்தில்தான் விஷயம் முற்றியது. எங்கள் ஊரில் அந்தப் பருவத்தில் துன்யாப் பழத்தைத் துணி அலமாரி மேல் வரிசையாக அடுக்கிவைப்போம். மஞ்சளாய், மேலெல்லாம் பூனைமயிரோடு, கல் போல இருக்கும். பல்லுக்கு லாயக்கில்லை, மூக்குக்குத்தான். குளிர்காலம் முழுக்க வீடு அதிலேதான் மணக்கும். அந்த வருடம் நெவேனா பழங்களை இறக்கிச் சரக்கறையில் வைத்துவிட்டு, அலமாரி மேல் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தாள். அதில் எண்ணெய், எண்ணெயில் நாலைந்து மூங்கில் குச்சிகள். வீடெங்கும் வெனிலா வாசம்.

டெசாங்கா நேராக முடிதிருத்தும் கடை கோர்தானாவிடம் போனாள். ஊரில் நடப்பதும் நடக்காததும் கோர்தானாவுக்குத் தெரியும். விவரத்தைக் கேட்டதும் அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாளாம். நகரத்தில் வீட்டை விற்பதற்கு முன்னால் இப்படித்தான் செய்வார்கள், வாங்க வருகிறவன் அடுப்பில் கேக் வேகிறது என்று நினைத்து மயங்கிவிடுவான் என்றாளாம்.

அவள் சொன்னது இத்துடன் முடிந்திருந்தால் பரவாயில்லை.

"அக்கா, கண்ணாடி மாட்டுனாங்களா?" என்று கேட்டாள் கோர்தானா.

"மாட்டுனாங்க."

"அப்ப முடிஞ்சுது. கண்ணாடி மாட்டுனா அறை பெருசாத் தெரியும். நீங்க முதியோர் இல்லத்துக்குப் பெட்டி கட்டுங்க."

டெசாங்கா பெட்டி கட்டவில்லை. அதற்குப் பதில் தினமும் மிளகாய் சுட்டாள். புகையில் திரைச்சீலை மஞ்சளாகியது. நெவேனா ஜன்னலைத் திறப்பாள், டெசாங்கா மூடுவாள். இருவரும் ஒருவருக்கொருவர் "குளிருது" என்றும் "வேர்க்குது" என்றும் மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு பூச்சாடி வந்தது. வெள்ளைச் சாடி, அதில் காய்ந்த பருத்திக் குச்சிகள், நுனியில் பஞ்சு வெடித்தபடி. டெசாங்கா எண்ணினாள். ஆறு.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. டெசாங்கா மறுபடியும் எண்ணினாள், ஆறேதான். விற்பதோடு நிற்கவில்லை, ஆளையே அனுப்பத் திட்டம் என்று முடிவு கட்டினாள். ஒரு குச்சியை உருவி மெத்தைக்கு அடியில் ஒளித்தாள். மறுநாள் மெத்தை உறை மாற்ற வந்த நெவேனா, "அட, இங்க கிடக்குது" என்று அதை எடுத்துக்கொண்டுபோய் மறுபடி சாடியில் செருகினாள். கடையில் கட்டாக வந்ததாம், ஆறாகத்தான் கொடுப்பார்களாம். டெசாங்கா ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.

சனிக்கிழமை நெபோய்ஷா, நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றான். யாரென்று கேட்டதற்கு, நம்ம ஆளுங்கதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நெவேனா எண்ணெய்க் குப்பியில் இன்னும் இரண்டு குச்சி செருகினாள்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்த டெசாங்கா, சரக்கறையில் முட்டைக்கோஸ் உப்புநீரில் புளிக்கும் பீப்பாயின் மூடியைத் திறந்து வைத்தாள். சரக்கறைக் கதவையும் திறந்தாள். அந்த வாடையில் எதிர் வீட்டுக் கோழி கூவுவதை நிறுத்திவிட்டது. மிகைப்படுத்தவில்லை, பாதியிலேயே நிறுத்தியது.

வந்தவர்கள் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஆணும், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்த ஒரு பெண்ணும். டெசாங்கா வழக்கப்படி கிண்ணத்தில் பழப்பாகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். விரோதிக்கும் அதை மறுக்க முடியாதே. அந்த ஆள் கூரையைப் பார்த்தான். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணோ எதையும் பார்க்கவில்லை. மூக்கை மட்டும் மெல்ல விரித்தாள். இடப்பக்கம், வலப்பக்கம். தன்னைத் தவிர வேறு யாரும் அப்படி மோந்து டெசாங்கா பார்த்ததில்லை.

பிறகு அந்தப் பெண்ணின் கண் பூச்சாடிக்குப் போனது. உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

டெசாங்காவும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆளுக்கொரு குச்சியை உருவினார்கள். சாடியில் நாலு நின்றது. ஒருத்தியை ஒருத்தி முறைத்தபடி இருவரும் திரும்பச் செருகினார்கள். மறுபடி ஆறு.

"நான் எடுக்கல, நீங்க எடுங்க," என்றாள் வந்தவள்.

டெசாங்கா ஒன்றை எடுத்தாள். எடுத்த குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "நேராவே கேக்குறேன். வீட்டை நான் எப்ப காலி பண்ணணும்?"

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டைத்தான். வாங்கத்தானே வந்திருக்கீங்க?"

"நாங்க ஏன் வீடு வாங்கணும்? நான் ஸ்டானா, நெவேனாவோட அம்மா. இவர் அவ அப்பா. உங்களைப் பாக்க வந்தோம். நான்தான் சொல்ல வேணாம்னேன். சொன்னா நல்லவங்க மாதிரி நடிச்சிருப்பீங்க."

நெவேனா கதவோரம் சிவந்துபோய் நின்றாள். அம்மாவின் மூக்குக்குப் பயந்துதான் அத்தனை வெனிலாவும் என்று அப்போதுதான் சொன்னாள். அதற்கு ஸ்டானா, தெருமுனையிலேயே தனக்கு அந்த வாசம் வந்துவிட்டது, வீட்டில் பூஞ்சையோ குடிகாரனோ இருப்பதை மறைக்கிறார்கள் என்று நினைத்து அப்படியே திரும்பிப் போகப் பார்த்ததாகச் சொன்னாள். எதையும் ஒளிக்காத முட்டைக்கோஸ் வாடை வந்த பிறகுதான் உள்ளே வரலாம் என்று தோன்றியதாம்.

"உப்பு கொஞ்சம் கம்மி சம்பந்தி," என்றாள்.

"மோந்தே சொல்றீங்களா?"

"பின்ன? நாக்கை நம்ப முடியுமா?"

அன்று மாலையே துன்யாப் பழங்கள் அலமாரி மேல் ஏறின. குப்பி கழிவறைக்குப் போனது. வட்டக் கண்ணாடி மட்டும் இருக்கட்டும் என்றாள் டெசாங்கா. அதில் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிகிறதாம்.

விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் அவள் நாற்காலியில் ஏறிப் பழங்களை எண்ணினாள். ஒன்று குறைந்தது. அதுவும் நன்கு கனிந்து மணத்துக்கொண்டிருந்த பழம். கிளம்பும்போது ஸ்டானா கைப்பையை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

நாற்காலியிலிருந்து இறங்கி நெபோய்ஷாவைக் கூப்பிட்டு, கல்யாணத் தேதியைக் குறிக்கச் சொன்னாள்.