பல்செட் பொடியின் எடை

காலையில் டம்ளரிலிருந்து என் இரண்டு பொய்ப்பற்களை எடுக்கும்போதெல்லாம், பக்கத்தில் நிற்கும் சுண்டுவிரல் உயரக் கண்ணாடிப் புட்டி கண்ணில் படும். உள்ளே வெள்ளைப் பொடி. என்னவென்று கேட்பவர்களிடம் ‘பல்லுக்கு உறவுக்காரன்’ என்பேன். பொய்யில்லை.

தொண்ணூறுகளில் பெங்களூர்ச் சோதனைக்கூடம் ஒன்றில், பாலிமர்களின் மூலக்கூறு எடை பார்க்கும் கருவிக்கு நான் உதவியாளன். காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வரும் மேடம் அதற்கு அதிகாரி. ஒருநாள், ஆனேக்கல்லில் பல்செட்டுக்கான அக்ரிலிக் பொடி தயாரிப்பவர் தம் சரக்கைக் கொண்டுவந்தார். மூலக்கூறு எடை ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பது வாங்கும் கம்பெனியின் நிபந்தனை. அந்த ஒரே ஆர்டரில்தான் அவர் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. கருவி கொஞ்சம் குறைத்துச் சொன்னது. மேடம் மறுபடி ஓட்டினார். சொன்ன சொல் மாறாத உத்தமக் கருவி, அதே குறைவு.

“மிஷின் தப்பா சார்?” என்றார் ஆனேக்கல்காரர் என்னிடம். மேதாவித்தனம் காட்ட இடம் கிடைத்தது. சிவாஜிநகர் மார்க்கெட்டை உதாரணமாக வைத்து ஆரம்பித்தேன். குண்டானவன் எந்தச் சந்திலும் நுழைய முடியாமல் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான். ஒல்லியானவன் சந்து சந்தாகப் புகுந்து தாமதமாக வருவான். கருவிக்குள்ளும் அப்படிச் சந்துகள்தான், மூலக்கூறு வெளியே வரும் நேரத்தை வைத்து எடை சொல்கிறோம். அதற்காக, எடை தெரிந்த ஆட்களை முன்னதாக அனுப்பி நேரம் குறித்துக்கொள்வோம், அவர்கள்தான் ஸ்டாண்டர்ட். எங்களிடம் இருந்தது பாலிஸ்டைரீன் ஸ்டாண்டர்ட் மட்டும். அவருடையதோ அக்ரிலிக், வேறு உடம்புவாகு.

அவர் யோசித்தார். “அப்போ என் ஆளு பாக்க ஒல்லி, கனம் ஜாஸ்தி. அதை எழுதிக் குடுத்துடுங்க சார், அஷ்டே, அவ்ளோதான்.”

மேடம் சிரிக்கவில்லை. “எனக்கும் அப்படித்தாங்க தோணுது. ஆனா எவ்ளோ கனம்னு சொல்ல அக்ரிலிக் ஸ்டாண்டர்ட் வேணும். வெளிநாட்டுலேருந்து வரணும், மாசக்கணக்காகும்.”

“அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க நிக்க மாட்டாங்களே மேடம்.”

நிற்கவில்லை. எண்ணுக்குக் கீழே ‘பாலிஸ்டைரீனோடு ஒப்பிட்ட மதிப்பு’ என்று மேடம் அடிக்கோடிட்டு எழுதினார். கம்பெனிக்குப் போனும் செய்து விளக்கினார். மறுமுனைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எண்ணை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

மழைக்காலம் முடிந்து ஸ்டாண்டர்ட் வந்தது. மிச்சமிருந்த ஆனேக்கல் பொடியை மேடம் ஓட்டினார். எடை நிபந்தனையைத் தாண்டியிருந்தது. உடனே ஆனேக்கல்லுக்குப் போன் போட்டார். எடுத்தது வாட்ச்மேன். “ஓனர் இல்ல மேடம். மிஷின் எல்லாம் லாரில ஏத்திட்டுப் போய்ட்டாங்க. ஏதாச்சும் சொல்லணுமா?” மேடம் என்னைப் பார்த்தார். என்னிடம் அந்த மார்க்கெட் உதாரணம்தான் இருந்தது. “ஒண்ணும் இல்லப்பா” என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு யாரும் அக்ரிலிக் கொண்டுவரவில்லை. கருவியைக் கழித்துக்கட்டியபோது குப்பைக்குப் போகவிருந்த அந்த அக்ரிலிக் ஸ்டாண்டர்ட் புட்டியை எடுத்துவந்தேன். முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. என் பற்கள் யார் பொடியில் செய்தவை என்று டாக்டரைக் கேட்டுப் பார்த்தேன். “நல்ல கம்பெனி அயிட்டம் சார், பயப்படாதீங்க” என்றார். மாட்டிக்கொள்கிறேன். கனம் ஒன்றும் தெரிவதில்லை.