மோட்டார் குடிவந்த வீடு

இன்று பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாடை வந்ததுமே, சிறுமியாக நான் ஈப்போ நகரத்தில் இருந்த வாடகை வீடும் அதன்மேல் ஆறாத கோபமும் மனதுக்குள் வந்துவிட்டன.

ஈயக் கம்பெனிகளுக்கு வெள்ளைக்காரத் துரைமார் வந்து குவிய, ஊரெல்லாம் வாடகை ஏறிக்கொண்டிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. தீபாவளிக்கு முன் குடியிருப்பவர்களே வெள்ளையடிப்பது எங்கள் வரிசை வீடுகளின் வழக்கம். நீலம் கலந்த சுண்ணாம்பை அம்மா தேங்காய் மட்டையால் இழுக்க, சொட்டியதை நான் துடைக்க, இருட்டறைகூடப் பளிச்சென்று ஆனது. அந்தப் பளிச்சைப் பார்த்த வீட்டுக்காரர், மறுநாளே ஒரு துரையைக் கூட்டிவந்து காட்டினார்.

“துரை ரெண்டு மடங்கு தாராரு. இந்த வாரமே காலி பண்ணு,” என்றார் அப்பாவிடம்.

“தீபாவளிப் பெருநாள் முடியட்டும் அண்ணே, போயிடுறோம்,” என்று அப்பா கெஞ்சினார்.

அம்மா குறுக்கே வந்தாள். “பங்களாவுல இருக்கிற துரைக்கு இந்தப் பொந்து எதுக்குலா?”

“அவருக்கில்ல, அவரு மோட்டார் காரை நிறுத்த.”

“அப்ப பெருநாளுக்கு அதுக்கும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க!”

தீபாவளிக்குச் சிம்பாங் பூலாய் தோட்டத்தில், சித்தப்பாவின் தொழிலாளர் லயத்து ஒற்றை அறையில் பதினோரு பேர் படுத்தோம். அங்கிருந்து ஈப்போவுக்கு நடந்தே வேலைக்குப் போய்வந்த அப்பா ஒருநாள் சொன்னார்:

“மோட்டார் நனையுதுன்னு கூரைய மாத்திட்டாங்க.”

மூன்று மழைக்காலம் நாங்கள் கேட்டும் மாற்றாத கூரை அது.