அதிகாரி வரும் காட்சி

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சனிக்கிழமை மதியங்களில் சினிமாவும் நாடகமும் பாடமாக நடந்தன. தமிழ் சார் தன் சொந்த ஆர்வத்தில் ஆரம்பித்தது. விசிடி பிளேயரில் படம் ஓடும், நல்ல கட்டத்தில் நிறுத்திவிட்டு, "கேமரா எங்கன நிக்கி? ஏன் அங்கன நிக்கி?" என்று கேட்பார். எனக்கோ அடுத்து என்ன ஆகும் என்பதுதான் கவலை. ஒரு படத்தைக்கூட அந்த மனிதர் நிம்மதியாகப் பார்க்க விட்டதில்லை.

ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு நாடகம் எழுதச் சொன்னார். "கண்ணால பாத்தது, காதால கேட்டது மட்டும் எழுதுங்க. சீரியல்ல வர்ற பங்களா, மாமியா சண்டையெல்லாம் எனக்கு வேண்டாம்."

அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். வெடித்தால் தப்பி ஓட வழி வேண்டும் என்று சட்டப்படி நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய அறையில் சீசன் நேரத்தில் ஏழு பேர் இருப்பார்கள். சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று வாசலில் இருந்து தகவல் வந்ததும், கூடுதலாக இருக்கும் மூன்று பேர் பின்பக்கமாக ஓடிக் கருவேலங்காட்டுக்குள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஜீப் போன பிறகு திரும்பி வரலாம். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் அம்மா எப்போதும் ஓடுகிற கூட்டம்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதையும், காலில் முள் தைத்ததையும், வாயைப் பொத்திக்கொண்டு மூன்று பேரும் சிரித்ததையும் வீட்டில் நடித்தே காட்டுவாள். நான் அதை அப்படியே எழுதினேன். அம்மா வேஷத்தையும் நானே போட்டேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாண வீடியோக்காரர் ஒருவரைப் பிடித்து சார் அதைப் படமெடுக்க வைத்திருந்தார். உள்ளூர் கேபிள்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை ஒளிபரப்பினார். தெருவே பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் அம்மாவை ஏற்றாமல் போய்விட்டது. "ஏத்த வேண்டாம்னு போர்மேன் சொல்லிட்டாருக்கா" என்றாராம் டிரைவர்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா இல்லாத வீடு; அவள் சம்பளத்தில்தான் சாப்பாடு. பாழாய்ப்போன நாடகத்தை ஏன் எழுதினோம் என்று அழுதேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போர்மேன் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா நடிக்கியே தாயி. இம்புட்டும் யாரு சொல்லிக் குடுத்தது?"

அம்மா சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றாள்.

"யாரும் சொல்லலங்க. ஒரு படத்துல போலீசைப் பாத்துத் திருடனுக ஓடுவாங்க. அதைப் பாத்து நானா இட்டுக்கட்டுனேன். எங்கம்மா கம்பெனில அப்படியெல்லாம் கிடையாதுங்க."

திணறாமல், கண்ணை விலக்காமல் சொன்னேன். மேடையில்கூட நான் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை.

"யாரு கேட்டாலும் இதையே சொல்லணும், என்ன?" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "நாளைக்கு வந்திருங்கக்கா. பிள்ளைக்குப் புத்தி சொல்லி வைங்க."

அவர் போனதும் அம்மா என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சார் கேட்டார். "அது நெசமாம்மா, கற்பனையா?"

"கற்பனை சார்."

அவர் படத்தைப் போட்டார். அன்றைக்கு எங்கேயும் நிறுத்தவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்த ரூம்லம்மா போட்டிருக்காங்க?"

"பழைய ரூம்தான்."

"எத்தனை பேரு இருக்கீக?"

"ஆர்டர் கூடிருச்சுல்ல. எட்டுப் பேரு" என்றாள். வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் அவள் குரலில் அப்படியே இருந்தது.

பொய் சொல்லி அம்மாவை அந்த அறைக்குள் அனுப்பியது நான்தான். அதன் பிறகு பள்ளிக்கூடம் முடிந்ததும் தினமும் ரோட்டில் போய் நின்றேன், வேனில் இருந்து அவள் இறங்கும் வரை.