காப்புக் கட்டிய மரம்

விடியுமுன் பம்ப்புக் கொட்டகையைக் கூட்டி, இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது உடையப்பன் வேலை. கொஞ்ச நாளாக அது சீர்வரிசைப் பாத்திரம்போல் மின்னியது. ஓடினால்தானே அழுக்காகும்?

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, பால் வெட்டிய கைக்கு அவர் புதிதாகப் பழக்கிய தொழில் பம்ப்பு. மலேசியாவின் தம்பூன் பம்பளிமாஸ் தோட்டத்தில் அதற்கும் 1983இல் ஆபத்து வந்தது. மேனேஜர் தியாகராஜா நடுத்தோட்டத்து மரமொன்றில் எஃகுப் பட்டி கட்டி, அதில் மரத்தின் பருமனைக் காட்டும் முள் வைத்த கருவியை மாட்டினார்.

"மரம் பகலில சுருங்கும், இரவில பருக்கும். விடியேக்க பழைய அளவுக்கு வரேல்லையெண்டால்தான் அதுக்குத் தாகம். அப்ப மட்டும் பம்ப்பைத் திற. எவ்வளவு தண்ணி மிஞ்சும் பார்!"

"தண்ணி மிஞ்சும், நான் மிஞ்சுவேனா?" என்று மனைவி காளியம்மாவிடம் புலம்பினார் உடையப்பன்.

முள் தாகம் காட்டவே இல்லை. வெயில் கொளுத்தியது, மற்ற மரங்கள் இலையைச் சுருட்டிக்கொண்டன, பிஞ்சுகள் உதிர்ந்தன. பட்டி கட்டிய மரம் மட்டும் புது மாப்பிள்ளைபோல் நின்றது. சும்மா கிடக்கும் பம்ப்பை விற்றுவிடலாமென்று முதலாளி, சீனத் தவுக்கே, ஆள் பார்க்கத் தொடங்கினார்.

ஒருநாள் உடையப்பன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனார். பட்டி கட்டிய மரத்துக்கு மஞ்சள் துணி, குங்குமம். குடத்தோடு பெண்கள் வரிசை. முதல் குடம் காளியம்மாவுடையது. இடுப்பில் எஃகுக் காப்புக் கட்டிய மரத்தைச் சாமியென்று இல்லாமல் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது.

"ஏனம்மா அதுக்குத் தண்ணி ஊத்தினீங்கள்?"

"இவரு பம்ப்பு ஓடணும்னு வேண்டிக்கிட்டேன் ஐயா."

"நீங்கள் ஊத்துறதாலதான் பம்ப் ஓடேல்லை!"

காளியம்மா யோசித்தாள். "அப்ப ஒரு குடம் பத்தலை போல."

"இனி ஒருத்தரும் ஊத்தக்கூடாது! பட்டியைக் கழட்டி வேற மரத்தில கட்டப்போறன்."

"திருவிழா முடியாம காப்ப அவுக்கிறதா? தவுக்கேகூட ஊதுவத்தி வச்சுக் கும்பிடுறாரு. முள்ளு காட்டுன நம்பரத்தான் லாட்டரில எடுத்தாராம், அடிச்சிருச்சாம். அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க."

தியாகராஜா தொப்பியை எடுத்தார், மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார்.

"ஐயா, மரமெல்லாம் காயுது. இன்னிக்குப் பம்ப்பத் தொறக்கவா, வேணாமா?" என்றார் உடையப்பன்.

"அதை உங்கட சாமியிட்டையே கேள்!" என்று தியாகராஜா தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.