பல்லாவரம் போர்டும் ஒரு சிவப்புத் தாளும்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ரயில் கிளம்பிவிடும், குழந்தை தனியாகப் போய்விடும், ஆனால் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பக் கைக்கு வந்து சேரும் என்று வரிசையாகச் சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆள் பெயர் எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. சேலையூரில் இருந்த என் அக்கா மகள் நந்தினிக்கு அப்போது ஏழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அக்காவுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. யாரோ அவளுக்கு ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ரயில். நீராவி இஞ்சின், கூட்ஸ் வண்டி, சிக்னல் கம்பம், இப்படி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ரயில்வே விஷயம். நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் ரயில் பற்றி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் டிரைவர்களே வண்டியில் ஏறுவார்கள், அதை தாம்பரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த ஆங்கில வரிகளுக்கெல்லாம் விளக்கம் சொன்னது நான்தான்.

ஒரு பக்கத்தில் மஞ்சள் அடிக்க வேண்டிய ஸ்டேஷன் போர்டு படம் இருந்தது. நம் ஊர் ஸ்டேஷன் போர்டுகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதைப் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நான் சொன்னதும் நந்தினி பிடித்துக்கொண்டாள். தாம்பரத்திலிருந்து, தடத்தின் மறுகோடியான பீச் வரைக்கும் பதினெட்டு ஸ்டேஷன். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு போர்டு என்று தானே வரைந்து, உண்மையான எண்ணை எழுதி, மஞ்சள் அடிக்க வேண்டும் என்றாள். நேரில் போய்ப் பார்த்தால்தானே எண் தெரியும்? அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

அக்கா வாசல் வரை வந்தாள். "டேய், கதை விட்டுக்கிட்டே குழந்தைய எங்கயாவது விட்டுட்டு வந்துடாத. கைய கெட்டியா பிடிச்சுக்கோ. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்."

"நீ போய் சமையலைப் பாருக்கா" என்றேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு டிக்கெட், அவளுக்கு அரை டிக்கெட். ஐந்து வயது முடிந்தால் அரை, பன்னிரண்டு முடிந்தால் முழுசு. காலை 9.10 வண்டி. கடைசிப் பெட்டியில் கூட்டம் குறைவு என்பதால் அதில் ஏறினோம். கார்டின் அறையும் அந்தப் பெட்டியின் பின்கோடியில்தான். பயணிகளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் மட்டும்.

குழந்தைகளுக்குச் சொல்ல இந்தத் தடத்தில் விஷயம் ஏராளம். அப்போது ஓடியது மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். மின்சார வண்டிக்குத் தனியாக இஞ்சின் கிடையாது, மேலே கம்பியைத் தொடும் அந்த இரும்புக் கைதான் அதற்குச் சாப்பாடு ஊட்டுகிறது. கார்டு இரண்டு மணி அடித்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். இது எல்லாம் நிஜம். தண்டவாளம் வெயிலில் பாம்பு மாதிரி நெளியும், அதை நேராக்க மத்தியானம் இருநூறு பேர் சுத்தியலோடு போவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது நிஜமா என்று இன்று வரை யாரும் கேட்கவில்லை.

தாம்பரம், சானடோரியம் எண்களை ஜன்னல் வழியாகவே பார்த்து எழுதிக்கொண்டாள். குரோம்பேட்டை வந்தபோது மணி 9.17. அங்கேதான், அவள் முழுப் பக்கத்துக்கும் சிவப்பு அடித்து வைத்திருந்த கார்டின் கொடிப் படத்தைக் காட்டி, "நந்து, எப்பவாவது ஆபத்துன்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஜன்னல்ல நீட்டு. கார்டு பார்த்துடுவாரு, வண்டி நகராது" என்று சொல்லிவைத்தேன். முன்யோசனை என்றால் அது.

பல்லாவரம் 9.21. போர்டு எங்கள் பெட்டிக்கு நேராக, பிளாட்பாரக் கோடியில். எண் இருக்கும் இடத்தில் மட்டும் எவனோ சினிமா போஸ்டரை ஒட்டியிருந்தான். நந்தினியின் முகம் வாடிவிட்டது. "இதுக்கு மட்டும் நம்பர் இல்லாம போயிடுமா மாமா?"

விடுவேனா? இறங்கினேன். போஸ்டரின் ஒரு மூலையைப் பிடித்துக் கிழித்தேன். பசை இன்னும் காயவில்லை, பாதிதான் வந்தது. மறு மூலையைப் பிடித்தேன். பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் வண்டி நகர்ந்துவிட்டது. மின்சார வண்டி நீராவி வண்டி மாதிரி யோசித்து யோசித்துப் போகாது, சட்டென்று வேகம் எடுத்துவிடும். ஓடினேன், ஒரு செருப்பு கழன்றது. ஜன்னலில் நந்தினியின் முகம் தெரிந்தது. அப்புறம் பெட்டியின் முதுகு மட்டும்தான்.

பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவர் அருகே வந்தார். "இன்னா சார், கொயந்தைய உள்ள வுட்டுட்டு போஸ்டர் கிழிச்சிகினு கீறே? ஓடு சார், ஸ்டேஷன் மாஸ்டராண்ட போய் சொல்லு. இங்க நின்னா வண்டி ரிவர்ஸ்லயா வரும்?"

ஓடினேன். கதவே இல்லாத வண்டி, என்னைத் தேடி அவள் குதித்துவிட்டால்? அக்காவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் கையில் பாதிப் போஸ்டரோடு நின்றேன், பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் அது முதல் தடவை.

அவர் நல்ல மனிதர். "எந்தப் பெட்டி? என்ன டிரஸ்?" இரண்டே கேள்வி. கடைசிப் பெட்டி, மஞ்சள் பாவாடை. திரிசூலத்துக்குப் போன் போட்டார். "ஆமா... சரி... அப்படியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பொண்ணு அங்க பத்திரமா இருக்கு. ஜன்னல்ல சிவப்புத் தாள நீட்டிக்கிட்டு வந்துச்சாம். கார்டு எட்டிப் பார்த்திருக்காரு, மணி அடிக்காம இறங்கி வந்துட்டாரு. போங்க சார், அடுத்த வண்டி 9.33க்கு."

பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. உடம்பிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. கடலைக்காரர் ஒரு பொட்டலத்தை மடியில் போட்டு, "துன்னு சார், மூஞ்சி வெளுத்துப் போச்சி" என்றார். காசு வாங்கவில்லை.

பல்லாவரத்திலிருந்து திரிசூலம் இரண்டு கிலோமீட்டர், மூன்று நிமிடம். இறங்கி ஓடினேன். அங்கே ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் தாள்களைப் பரப்பி, நந்தினி திரிசூலம் போர்டுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள். அழுத தடம் கன்னத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு கீரைக்கார அம்மா, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு. வண்டியில் அவளைக் கதவுப் பக்கம் போகவிடாமல் பாவாடையைப் பிடித்து வைத்திருந்தவர் அவர்தான். வியாபாரத்தை விட்டுவிட்டு அவளுக்காக இறங்கியிருந்தார்.

"நீதான் மாமனா? மாமன் கெட்ட கேட்டுக்கு நம்பர் ஒண்ணுதான் கொறச்சலு" என்று எழுந்தார். "பாப்பா, இந்தாள் கைய நீ புடிச்சிக்க. அவரு எங்கயாச்சும் பூடப் போறாரு." நான் கும்பிட்டேன். அதைக் கவனிக்காமல் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார்டு உங்களப் பார்த்திருக்காராம் சார். போஸ்டர் ஒட்டற ஆளுன்னு நினைச்சு விட்டுட்டேன்னாரு. அது சரி, தண்டவாளத்த நேராக்க இருநூறு பேர் போறாங்கன்னு உங்க பொண்ணு சொல்லுது. எங்க டிபார்ட்மென்ட்ல எனக்குத் தெரியாம யாரு சார் அது?"

நந்தினி நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி: "மாமா, பல்லாவரம் நம்பர் எவ்ளோ?"

நான் பார்க்கவில்லை. பாதி கிழித்ததோடு ஓடிவிட்டேன். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், "பார்க்கலடா" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு பீச் பயணம் ரத்து. திரும்பும் வண்டியில் அவள் கையை நான் விடவே இல்லை, மணிக்கட்டில் என் விரல் தடம் பதிந்திருந்தது. பல்லாவரத்தில் வண்டி நின்றபோது எதிர்ப் பிளாட்பாரத்தில் இருந்த, போஸ்டர் ஒட்டாத போர்டை அவளே எட்டிப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டாள். வழியெல்லாம், அம்மாவிடம் சொல்லாதே என்று ஐஸ்கிரீம் வரைக்கும் பேரம் பேசினேன். சரி என்றாள். கேட்டைத் திறந்ததுமே கத்தினாள்: "அம்மா, மாமா தொலைஞ்சு போயிட்டாரு, நான் இறங்கி வெயிட் பண்ணினேன்!" அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் இறக்கவில்லை.

குழந்தையோடு இந்தத் தடத்தில் போக நினைப்பவர்களுக்கு: இப்போது அகலப் பாதை, வண்டியும் வேறு. ஆனால் போர்டுகளில் எண் அப்படியே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பீச் முப்பது கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மே மாதத்தில் மெழுகு கிரேயான் ஜன்னலோரத்தில் உருகும், கலர் பென்சில் எடுத்துப் போங்கள். கடைசிப் பெட்டி நல்லது. எண் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. குரோம்பேட்டையில் சிவப்புத் தாளை நீட்டச் சொல்லிவைத்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா? நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. குரோம்பேட்டையில் நான் பாம்பு மாதிரி நெளியும் தண்டவாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து நீட்ட வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளை தானே யோசித்தது.